கிளஸ்டர் கட்டளைக் கையேடுகளில் பிழை திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளஸ்டர் என்பது ஒரு சேவை நிற்காமலிருக்கச் சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டம்; அதிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட். எந்தச் சேவை எங்கே ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பேஸ்மேக்கர், நோடுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் கோரோசின்க், இரண்டையும் நிர்வகிக்கும் கட்டளைக் கருவியான பிசிஎஸ் மூன்றும் சேர்ந்து ஓடும் லினக்ஸ் கிளஸ்டர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான பக்கம் இது. கையேட்டில் தவறு கண்ணில் பட்டால் அதை எப்படி உறுதி செய்வது, எந்தக் கோப்பில் திருத்துவது, எப்படி அனுப்புவது என்பதையும், அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் இடங்களையும் இங்கே தந்திருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழெழுத்தில் எழுதியிருக்கிறோம்; டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கையேட்டில் தவறு இருந்தால் கட்டளையே பிழைச்செய்தி காட்டிவிடுமே, பிறகென்ன?

காட்டினால் பிழைத்தோம். காட்டாமல் ஏற்றுக்கொள்ளும் தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு ரிசோர்ஸை (கிளஸ்டர் பார்த்துக்கொள்ளும் சேவை, ஐபி முகவரி போன்றது) கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இரண்டாம் நோடுக்கு நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். பிசிஎஸ் 0.10-ல் ‘பிசிஎஸ் ரிசோர்ஸ் மூவ் வெப் நோட்2 லைஃப்டைம்=பிடி5எம்’ என்று கொடுக்கலாம். கால அளவு ஐஎஸ்ஓ 8601 முறையில் எழுதப்படுவது. முதலில் ‘பி’ வரும். ‘டி’ என்ற எழுத்துக்கு முன்னால் வருபவை ஆண்டு, மாதம், நாள். பின்னால் வருபவை மணி, நிமிடம், விநாடி. ஆக, ‘பிடி5எம்’ என்றால் ஐந்து நிமிடம். நடுவிலுள்ள ‘டி’ விழுந்து ‘பி5எம்’ என்று கையேட்டில் அச்சாகியிருந்தால் அது ஐந்து மாதம். இரண்டுமே முறைப்படி சரியானவை என்பதால் கட்டளை எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும்.

அதன் விளைவு உடனே தெரியாது. ‘சிஎல்ஐ-ப்ரிஃபர்-வெப்’ என்ற பெயரில் இன்ஃபினிட்டி மதிப்புள்ள ஒரு இடக் கட்டுப்பாடு (இந்த ரிசோர்ஸ் இந்த நோடில் ஓட வேண்டும் என்ற விதி) உட்கார்ந்துவிடும். சில வாரம் கழித்து நோட்2-ஐப் பராமரிப்புக்காக நிறுத்துவீர்கள். சேவை நோட்1-க்குப் போகும். வேலை முடிந்து நோட்2 திரும்பி வந்ததும், யாரும் கேட்காமலே சேவை அங்கே தாவும். ஸ்டிக்கினஸ் (இருக்கும் நோடிலேயே தங்க ரிசோர்ஸுக்குக் கொடுக்கும் மதிப்பு) எவ்வளவு வைத்திருந்தாலும் இன்ஃபினிட்டி முன் நிற்காது. பட்டப்பகலில் ஒரு தடங்கல், காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

இந்த வரியைத் திருத்துபவர் ‘டி’-யைச் சேர்ப்பதோடு இன்னும் இரண்டு விஷயங்களையும் எழுத வேண்டும். ஒன்று, காலம் முடிந்தால் கட்டுப்பாடு செயலிழக்கும், அவ்வளவுதான். சேவை பழைய இடத்துக்குத் திரும்புமா என்பது ஸ்டிக்கினஸைப் பொறுத்தது. இரண்டு, பேஸ்மேக்கர் 2.0.3-க்கு முந்தைய பதிப்புகளில் காலம் முடிந்ததைக் கிளஸ்டர் தானாகக் கவனிப்பது ‘கிளஸ்டர்-ரீசெக்-இன்டர்வல்’ சுற்றில்தான். அதன் இயல்பு மதிப்பு 15 நிமிடம். ஐந்து நிமிடம் என்று கொடுத்தாலும் கால்மணி நேரம் வரை இழுக்கலாம்.

கையேடு தவறா, நான் வேறு பதிப்பின் கையேட்டைப் படிக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

‘தவறு’ என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகைதான். முதலில் மூன்று பதிப்பெண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ‘பிசிஎஸ் --வெர்ஷன்’, ‘பேஸ்மேக்கர்டி --வெர்ஷன்’, ‘கோரோசின்க் -வி’. பிறகு அதே சர்வரிலுள்ள மேன் பக்கத்தையும் (‘மேன்’ கட்டளை காட்டும் கையேடு), கட்டளை தரும் ‘--ஹெல்ப்’ அல்லது ‘பிசிஎஸ் ரிசோர்ஸ் ஹெல்ப்’ வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போய், இணையத்தில் படித்தது மட்டும் மாறுபட்டால் நீங்கள் வேறு பதிப்புக்கு எழுதியதைப் படித்திருக்கிறீர்கள்.

பிசிஎஸ் 0.9-லிருந்து 0.10-க்கு வந்தபோது நிறைய மாறின. அதுவரை ‘பிசிஎஸ் கிளஸ்டர் செட்டப் --நேம் மைகிளஸ்டர் நோட்1 நோட்2’ என்றிருந்தது, 0.10-ல் ‘--நேம்’ போய், கிளஸ்டர் பெயர் நேராக முதலில் வருகிறது. ‘பிசிஎஸ் கிளஸ்டர் ஸ்டாண்ட்பை’ இருந்த இடத்தில் ‘பிசிஎஸ் நோட் ஸ்டாண்ட்பை’. ‘ரிசோர்ஸ் ஷோ’ என்ற ஒரே கட்டளை ‘ரிசோர்ஸ் கான்ஃபிக்’, ‘ரிசோர்ஸ் ஸ்டேட்டஸ்’ என்று இரண்டாகப் பிரிந்தது.

பெயர் அப்படியே இருக்க வேலை மட்டும் மாறியவை இன்னும் ஆபத்தானவை. ‘பிசிஎஸ் கிளஸ்டர் ஆத்’ 0.9-ல் புதிய நோடுகளை அறிமுகம் செய்யும் கட்டளை. 0.10-ல் அந்த வேலை ‘பிசிஎஸ் ஹோஸ்ட் ஆத்’-க்குப் போய்விட்டது. பழைய பெயரும் நீக்கப்படவில்லை; ஏற்கெனவே இந்தக் கிளஸ்டரில் இருக்கும் நோடுகளோடு மறுபடி அடையாளம் உறுதி செய்ய அது பயன்படுகிறது. ‘ரிசோர்ஸ் மூவ்’-வும் இப்படித்தான். 0.11-ல் அது நகர்த்தி முடித்ததும் தான் போட்ட கட்டுப்பாட்டைத் தானே எடுத்துவிடும். கட்டுப்பாடு நிலைக்க வேண்டும், லைஃப்டைம் கொடுக்க வேண்டும் என்றால் ‘மூவ்-வித்-கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று கேட்க வேண்டும். இத்தகைய இடங்களில் ‘எந்தப் பதிப்பு முதல்’ என்று எழுதாத திருத்தம் இன்னொரு தவறாகத்தான் முடியும்.

மேன் பக்கத்தைத் திருத்தி அனுப்பினேன், ‘இந்தக் கோப்பைத் தொடாதீர்கள்’ என்று திருப்பிவிட்டார்கள். ஏன்?

அந்தப் பக்கம் வேறெங்கோ பிறந்து, தொகுக்கும்போது தானாக உருவாகியிருக்கும். பிறந்த இடத்தில் திருத்தாவிட்டால் அடுத்த தொகுப்பில் பழைய வரி திரும்ப வந்துவிடும். எது எங்கே பிறக்கிறது என்பது இதுதான்.

பேஸ்மேக்கரின் சொந்தக் கருவிகளான ‘சிஆர்எம்_ரிசோர்ஸ்’, ‘சிஆர்எம்_மான்’, ‘சிஐபிஅட்மின்’ போன்றவற்றின் மேன் பக்கங்களை ‘ஹெல்ப்2மேன்’ என்ற கருவி அந்தந்தக் கட்டளையின் ‘--ஹெல்ப்’ வெளியீட்டிலிருந்து உருவாக்குகிறது. விளக்க வரி சி மொழி மூலநிரலுக்குள் ஒரு சரமாக இருக்கும். ‘டூல்ஸ்’ அடைவில் அந்த வாசகத்தைத் தேடினால் கிடைக்கும். இதில் ஒரு வசதி: ஹெல்ப்பும் மேன் பக்கமும் ஒன்றுக்கொன்று முரண்பட வழியில்லை.

பிசிஎஸ்ஸில் அந்த வசதி கிடையாது. மேன் பக்கம் ‘பிசிஎஸ்.8.இன்’ என்ற கோப்பிலும், கட்டளையின் உதவி வாசகம் ‘யூசேஜ்.பிஒய்’ என்ற பைத்தான் கோப்பிலும் தனித்தனியாகக் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். இரண்டையும் ஒரே கமிட்டில் (மூலநிரலில் ஒரே பதிவாகச் சேரும் மாற்றத்தில்) மாற்றுங்கள்.

கோரோசின்க்கின் பக்கங்கள் ‘மேன்’ அடைவில் ட்ராஃப் என்ற அச்சமைப்பு வடிவில் கையால் எழுதப்பட்டவை. நேராகத் திருத்தலாம்.

ரிசோர்ஸ் ஏஜென்டுகளின் (ரிசோர்ஸைத் தொடங்கவும் நிறுத்தவும் பார்க்கவும் பேஸ்மேக்கர் அழைக்கும் ஸ்கிரிப்டுகளின்) விளக்கம் அந்த ஏஜென்ட் ஸ்கிரிப்டுக்குள்ளேயே ‘மெட்டா-டேட்டா’ பகுதியில் எக்ஸ்எம்எல்லாக இருக்கும். ஐபி முகவரியைப் பார்த்துக்கொள்ளும் ‘ஐபிஅட்ர்2’ ஏஜென்டின் ஏழாம் பிரிவு மேன் பக்கமும், ‘பிசிஎஸ் ரிசோர்ஸ் டிஸ்க்ரைப்’ காட்டுவதும் அதே எக்ஸ்எம்எல்லிலிருந்துதான் வருகின்றன. ஃபென்ஸ் ஏஜென்டுகளும் (கோளாறான நோடை அணைத்து ஒதுக்கும் ஸ்கிரிப்டுகள்) அப்படியே. ‘-ஓ மெட்டாடேட்டா’ என்று ஓட்டினால் மூலத்தைப் பார்க்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. எக்ஸ்எம்எல்லில் குறிப்பிட்ட இயல்பு மதிப்பும் ஸ்கிரிப்ட் உண்மையில் எடுத்துக்கொள்ளும் மதிப்பும் வேறுபடுவதுண்டு. விளக்கத்தைத் திருத்தும் முன் ஸ்கிரிப்டின் மேல்பகுதியில் ‘டிஃபால்ட்’ என்று முடியும் மாறிகளைப் பார்த்துவிடுங்கள்.

இயல்பு மதிப்பு தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகம். எப்படிச் சரிபார்ப்பது?

ஓடும் கிளஸ்டரையே கேட்பதுதான் சரியான வழி. கோரோசின்க்கின் டோக்கன் டைம்அவுட்டை, அதாவது நோடுகளுக்கிடையே சுற்றும் டோக்கன் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை எடுத்துக்கொள்வோம். பல பக்கங்களில் இன்னும் 1000 மில்லிவிநாடி என்று இருக்கிறது. 2020-ல் வந்த 3.1.0 பதிப்பிலிருந்து அது 3000. அதோடு கதை முடியவில்லை. நோட் பட்டியலில் மூன்று அல்லது அதற்கு மேல் நோடுகள் இருந்தால், இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நோடுக்கும் ‘டோக்கன்_கோஎஃபிஷியன்ட்’ கூடும்; அதன் இயல்பு மதிப்பு 650. ஐந்து நோட் கிளஸ்டரில் 3000 + (3 × 650) = 4950 மில்லிவிநாடி. கன்சென்சஸ் (நோடுகள் ஒத்துப்போகக் காத்திருக்கும் நேரம்) மதிப்பைத் தனியாகக் கொடுக்காவிட்டால் டோக்கனின் 1.2 மடங்கு, அதாவது 5940.

‘கோரோசின்க்-சிமேப்சிடிஎல்’ வெளியீட்டில் ‘ரன்டைம்.கான்ஃபிக்.டோட்டம்.டோக்கன்’ என்ற வரியைத் தேடினால் இந்த 4950 தெரியும். உள்ளமைவுக் கோப்பில் 3000 என்று எழுதியிருப்பவர் இதைப் பார்த்துக் குழம்பிப் பிழை அறிக்கை போடுவதுண்டு. கையேட்டில் இந்த ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகச் சேர்ப்பது பத்து வரி விளக்கத்தைவிடப் பயன் தரும்.

தனித்தனியாகச் சரியாக இருந்து, சேர்த்துப் படிக்கும்போது தவறான எண்ணம் தரும் வரிகளும் உண்டு. ‘மைக்ரேஷன்-த்ரெஷோல்டு’ (எத்தனை தோல்விக்குப் பிறகு வேறு நோடுக்கு நகர்வது) இயல்பு மதிப்பு இன்ஃபினிட்டி என்று படிப்பவர், எத்தனை முறை தோற்றாலும் ரிசோர்ஸ் அதே நோடில்தான் முயலும் என்று நினைப்பார். ஆனால் ‘ஸ்டார்ட்-ஃபெயிலியர்-இஸ்-ஃபேட்டல்’ இயல்பாகவே ட்ரூ. தொடக்கம் ஒரே ஒருமுறை தோற்றாலும் அந்த நோடின் தோல்வி எண்ணிக்கை இன்ஃபினிட்டியாகிவிடும். பேஸ்மேக்கரில் இன்ஃபினிட்டி என்பது 10,00,000. ‘ஃபெயிலியர்-டைம்அவுட்’ கொடுக்காவிட்டால் அது தானாக அழிவதும் இல்லை. இந்த மூன்றும் ஒன்றையொன்று சுட்டும்படி எழுதினால்தான் திருத்தம் முழுமையாகும்.

‘கிளீனப்’, ‘ரெஃப்ரெஷ்’ இரண்டும் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார்களே?

ஒன்றல்ல, திருத்துங்கள். ‘பிசிஎஸ் ரிசோர்ஸ் கிளீனப்’ தோற்றுப்போன செயல்களின் பதிவை மட்டும் அழிக்கும். ‘பிசிஎஸ் ரிசோர்ஸ் ரெஃப்ரெஷ்’ தோல்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு வரலாற்றையும் மறந்து, ஒவ்வொரு நோடிலும் இப்போது என்ன ஓடுகிறது என்று புதிதாகத் தேடச் சொல்லும். பெயர் எதுவும் கொடுக்காமல் ரெஃப்ரெஷ் அடித்தால் எல்லா ரிசோர்ஸுக்கும் எல்லா நோடிலும் தேடல் நடக்கும். 40 ரிசோர்ஸ், 8 நோட் என்றால் 320 தேடல்கள். ஏற்கெனவே திணறும் கிளஸ்டரில் இவற்றில் சில டைம்அவுட் ஆகி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேவையையும் ‘தோல்வி’ என்று காட்டிவிடும். முந்தைய பேஸ்மேக்கர் 1.1 பதிப்புகளில் கிளீனப்பே இந்த வேலையைச் செய்ததால்தான் குழப்பம் இன்னும் தொடர்கிறது.

‘அன்மேனேஜ்’ செய்தால் கிளஸ்டர் அந்த ரிசோர்ஸைப் பார்க்கவே பார்க்காது என்பது சரியா?

பார்க்கும், கை வைக்காது. ‘பிசிஎஸ் ரிசோர்ஸ் அன்மேனேஜ்’ மட்டும் கொடுத்தால் மானிட்டர் செயல் (சேவை நலமா என்று அவ்வப்போது பார்ப்பது) தொடர்ந்து ஓடும். நீங்கள் சேவையை நிறுத்திப் பராமரித்தால் தோல்வி பதிவாகும்; பிறகு ‘மேனேஜ்’ கொடுத்த கணத்தில் கிளஸ்டர் அந்தத் தோல்விக்கு மருந்து செய்யத் தொடங்கும். மானிட்டரையும் நிறுத்த ‘--மானிட்டர்’ சேர்க்க வேண்டும்; திரும்ப ‘மேனேஜ்’ செய்யும்போதும் அதே ‘--மானிட்டர்’ வேண்டும். மறந்தால் அந்த ரிசோர்ஸ் கண்காணிப்பே இல்லாமல் ஓடும், ‘ஸ்டேட்டஸ்’ பச்சையாகவே காட்டும். கிளஸ்டர் முழுவதற்குமான ‘மெயின்டெனன்ஸ்-மோட்=ட்ரூ’ வழக்கமான மானிட்டர்களையும் நிறுத்தியே வைக்கும். கையேட்டில் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் ‘இதுவோ அதுவோ’ என்று எழுதியிருந்தால் பிரித்து எழுதுங்கள்.

கோலொகேஷன் (இரண்டு ரிசோர்ஸை ஒரே நோடில் வைக்கும்) கட்டளையில் எது எதைச் சார்ந்தது?

‘பிசிஎஸ் கன்ஸ்ட்ரெயின்ட் கோலொகேஷன் ஆட் வெப் வித் ஐபி’ என்றால் வெப், ஐபியைச் சார்ந்தது. ஐபிக்கு முதலில் இடம் முடிவாகும். வெப் அதன் பின்னால் போகும். மதிப்பு இன்ஃபினிட்டியாக இருந்து ஐபி எங்குமே ஓட முடியாமல் போனால் வெப்பும் ஓடாது. வெப் ஓட முடியாவிட்டாலும் ஐபி ஓடலாம். பல எடுத்துக்காட்டுகளில் இது தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு ரிசோர்ஸும் நலமாக இருக்கும்வரை இரண்டு வடிவமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதால், சோதித்துப் பார்த்தவருக்கும் வேறுபாடு தெரியாமல் போயிருக்கும். உண்மையாகச் சோதிக்க வேண்டுமானால் ‘பிசிஎஸ் ரிசோர்ஸ் டிசேபிள் ஐபி’ கொடுத்து வெப் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஐபியை ‘எனேபிள்’ செய்து, வெப்பை ‘டிசேபிள்’ செய்து, ஐபி நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. கோலொகேஷன் இடத்தை மட்டுமே சொல்கிறது, வரிசையைச் சொல்வதில்லை. ஐபி ஏறிய பிறகுதான் வெப் தொடங்க வேண்டுமென்றால் ‘கன்ஸ்ட்ரெயின்ட் ஆர்டர் ஐபி தென் வெப்’ தனியாக வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே குரூப்பில் போட வேண்டும்.

‘மாஸ்டர்’, ‘ஸ்லேவ்’ என்று வரும் இடங்களை ‘ப்ரமோட்டட்’, ‘அன்ப்ரமோட்டட்’ என்று ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாமா?

ஒட்டுமொத்தமாக வேண்டாம். ஒரே ரிசோர்ஸின் பிரதிகளில் முதன்மையானது, துணையானது என்ற இரண்டு பொறுப்புகளின் பெயர்கள் இவை. பேஸ்மேக்கர் 2.1.0 (2021) முதல் புதிய பெயர்கள் வந்தன. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு எழுதிய பக்கத்தில் மாற்றினால் அங்கே கட்டளை வேலை செய்யாது. ஏஜென்டுகளுக்குப் போகும் சில சூழல் மாறிகளின் பெயரில் ‘மாஸ்டர்’ இன்னும் இருக்கிறது. ‘தேடு, மாற்று’ அவற்றையும் கெடுத்துவிடும். வட்டை இன்னொரு நோடுக்கு நகலெடுத்துவைக்கும் டிஆர்பிடியின் ‘ப்ரைமரி’, ‘செகண்டரி’ டிஆர்பிடிக்கே உரிய பெயர்கள், அவற்றைத் தொடவே கூடாது. ‘சிஆர்எம்_மாஸ்டர்’ கட்டளைக்குப் பதில் இப்போது ‘சிஆர்எம்_ஆட்ரிபியூட் --ப்ரமோஷன்’.

இந்தப் பகுதியைத் திறக்கும்போதே மானிட்டர் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். இரண்டு பொறுப்புகளுக்கும் தனித்தனி மானிட்டர் வேண்டும், அவற்றின் இடைவெளி ஒன்றாக இருக்கக் கூடாது. டிஆர்பிடி எடுத்துக்காட்டுகளில் 29 விநாடி, 31 விநாடி என்று விநோதமான எண்கள் வருவது இதனால்தான். ஒரே ரிசோர்ஸில் ஒரே செயலை ஒரே இடைவெளியோடு இரண்டுமுறை வைத்தால் பேஸ்மேக்கரால் பிரித்தறிய முடியாது. ‘அழகாக இருக்கட்டும்’ என்று யாரோ இரண்டையும் 30 ஆக்கிய திருத்தம் வந்தால் மறுத்துவிடுங்கள்.

‘ஸ்டோனித் கன்ஃபர்ம்’ பற்றிய வரியில் என்ன எச்சரிக்கை இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் திருத்த நேரமிருந்தால் இதைத் திருத்துங்கள்.

ஸ்டோனித் என்பது கோளாறான நோடை அணைத்து ஒதுக்கும், அதாவது ஃபென்ஸ் செய்யும் ஏற்பாடு. ஆனால் ‘பிசிஎஸ் ஸ்டோனித் கன்ஃபர்ம் நோட்2’ எந்த மின்சாரத்தையும் துண்டிப்பதில்லை. ‘அந்த நோட் நின்றுவிட்டது, நான் நேரில் உறுதி செய்துகொண்டேன்’ என்று நிர்வாகி கிளஸ்டருக்குக் கொடுக்கும் வாக்கு அது. அந்த வாக்கை நம்பிக் கிளஸ்டர் நோட்2-வில் இருந்த கோப்பு முறைமையை நோட்1-ல் ஏற்றும். நோட்2 உண்மையில் உயிரோடிருந்தால் இரண்டு பேரும் ஒரே வட்டில் எழுதுவார்கள், தரவு சிதைந்துவிடும். பேக்கப்பைத் தவிர வேறு வழியிராது. ‘நோடை ஃபென்ஸ் செய்து உறுதிப்படுத்தும்’ என்ற வகையில் எழுதிய வரி, இந்தக் கட்டளையே ஃபென்ஸ் செய்யும் என்ற எண்ணத்தைத் தரும். ஃபென்ஸ் செய்வது ‘பிசிஎஸ் ஸ்டோனித் ஃபென்ஸ்’.

எச்சரிக்கை கட்டளைக்கு மேலே வர வேண்டும். நெருக்கடியில் படிப்பவர் கட்டளை வரியைக் கண்டதும் நகலெடுத்துவிடுவார். கீழே இருப்பதைப் படிக்க மாட்டார். எச்சரிக்கையில் எப்படி உறுதி செய்வது என்பதும் இருக்கட்டும்: மேலாண்மைக் கன்ட்ரோலரில் மின்நிலை ‘ஆஃப்’ என்று காட்டுகிறதா, அது எட்டாவிட்டால் ராக்கில் நேரில் போய்ப் பார்த்தாயிற்றா. பிங் பதில் வராதது சான்றாகாது. இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரில் ஒரு கேபிளை மட்டும் உருவுவதும் சான்றாகாது.

இரட்டைப் பவர் சப்ளை என்றதும் இன்னொரு பழைய வரி நினைவுக்கு வருகிறது. இரண்டு பிடியூவுக்கு (ராக்கில் மின்சாரத்தைப் பகிரும் சாதனம்) ‘ஆஃப்’ இரண்டு, ‘ஆன்’ இரண்டு என நான்கு ஸ்டோனித் சாதனங்களை வரிசையாக உருவாக்கச் சொல்லும் எடுத்துக்காட்டு. ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7.2 முதல் அது தேவையில்லை. இரண்டு சாதனங்களை ஒரே நிலையில் ‘பிசிஎஸ் ஸ்டோனித் லெவல் ஆட் 1 நோட்1 பிடியூ1 பிடியூ2’ என்று வைத்தால், இரண்டையும் அணைத்த பிறகே திரும்பப் போடுவதைப் பேஸ்மேக்கர் பார்த்துக்கொள்ளும்.

மேன் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய கட்டளை வேலை செய்யவில்லை, கையால் தட்டினால் வேலை செய்கிறது. ஏன்?

கோட்டைப் பாருங்கள். ட்ராஃப் கோப்பில் வெறும் ‘-’ எழுதினால் அது சொற்களைச் சேர்க்கும் இணைப்புக்கோடு என்று பொருள். யூடிஎஃப்-8 டெர்மினலில் கிராஃப் (ட்ராஃப் கோப்பைத் திரைக்கு அமைத்துத் தரும் கருவி) அதை யூனிகோடு 2010 என்ற வேறொரு எழுத்தாக அச்சிடலாம். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஷெல்லுக்கு அது ஆப்ஷனின் தொடக்கமே கிடையாது, சாதாரணச் சொல். வெளியீட்டைப் பதினறும எண்களாகப் பார்த்தால் சரியான கோட்டுக்கு ‘2டி’ என்ற ஒரு பைட் இருக்கும். தவறானதற்கு ‘இ2 80 90’ என்று மூன்று பைட்.

திருத்தம் எளிது: ஆப்ஷன்களிலும் கட்டளைப் பெயர்களிலும் ஒவ்வொரு கோட்டையும் ‘\-’ என்று எழுதுங்கள். பல விநியோகங்கள் இந்த வேறுபாட்டை மறைக்கும் அமைப்போடு வருவதால் உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்து, வேறொருவருக்குத் தவறாகத் தெரியலாம். இதே பக்கத்தில் வேறு இரண்டையும் தேடுங்கள். எடுத்துக்காட்டின் ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் ட்ராஃப் அதைத் தனக்கான உத்தரவு என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும்; முன்னால் ‘\&’ போட வேண்டும். வரி முடிவில் தொடர்ச்சிக்காகப் போடும் பின்சாய்வுக்கோட்டை ‘\’-க்குப் பின் சிறிய ‘இ’ எழுத்துச் சேர்த்து எழுத வேண்டும். அனுப்பும் முன் ‘மேன் -எல்’ கொடுத்துக் கோப்பை நேராகப் பாருங்கள். ‘மேன்டாக் -டி லின்ட்’ மற்ற குறைகளைச் சொல்லிவிடும்.

இணையப் பக்கங்களில் இதன் உறவினர் ஒன்று உண்டு. ஸ்ஃபிங்ஸ் போன்ற கருவிகள் உரையில் வரும் இரண்டு கோடுகளை ஒரே நீண்ட கோடாக மாற்றிவிடும். ஆப்ஷன்களை எப்போதும் நிரல்வரி அமைப்புக்குள் வையுங்கள்.

ஃபயர்வால் போர்ட் பட்டியல் எப்படி இருக்க வேண்டும்?

பிசிஎஸ்ஸின் பின்னணிச் சேவையான பிசிஎஸ்டிக்கு டிசிபி 2224. பேஸ்மேக்கர் ரிமோட்டுக்கு டிசிபி 3121. கிளஸ்டருக்கு வெளியிலிருந்து வாக்களிக்கும் கியூநெட்டிக்கு டிசிபி 5403. கோரோசின்க்கிற்கு யூடிபி 5405 மட்டும் என்று எழுதியிருந்தால் ஒரே இணைப்பு இருக்கும்வரைதான் சரி. கேநெட் என்ற கோரோசின்க்கின் போக்குவரத்து முறையில் இணைப்பு எண் போர்ட்டோடு கூடும்: இணைப்பு 0-க்கு 5405, இணைப்பு 1-க்கு 5406. அதிகபட்சம் எட்டு இணைப்பு, ஆகவே 5405 முதல் 5412 வரை. முதல் இணைப்பு ஓடிக்கொண்டிருப்பதால் இரண்டாவது அடைபட்டிருப்பது யார் கண்ணுக்கும் படாது. முதலாவது அறுந்த அன்றுதான் தெரியும். ‘கோரோசின்க்-சிஎஃப்ஜிடூல் -எஸ்’ ஒவ்வொரு இணைப்பின் நிலையையும் காட்டும் என்ற வரியைப் பட்டியலுக்கு அடியிலேயே சேருங்கள்.

திருத்தத்தைச் சோதிக்க உற்பத்திக் கிளஸ்டர் வேண்டுமா?

கூடாது. மூன்று மெய்நிகர் கணினிகள் போதும். ரிசோர்ஸுக்கு ‘ஓசிஎஃப்:பேஸ்மேக்கர்:டம்மி’, ப்ரமோட்டபிள் சோதனைக்கு ‘ஓசிஎஃப்:பேஸ்மேக்கர்:ஸ்டேட்ஃபுல்’. இவை எந்தச் சேவையையும் ஓட்டாமல் ஓடுவதாகக் காட்டும். ஃபென்சிங்கிற்கு ‘ஃபென்ஸ்_விர்ஷ்’ அமைத்துக்கொள்ளுங்கள்; ‘ஸ்டோனித்-எனேபிள்டு=ஃபால்ஸ்’ வைத்துச் சோதித்தால் விடைகளே மாறும். ஒரு ரிசோர்ஸின் ‘ஸ்டாப்’ தோற்கும்போது ஸ்டோனித் இருந்தால் நோட் ஃபென்ஸ் ஆகும், இல்லாவிட்டால் ரிசோர்ஸ் ‘பிளாக்’ ஆகி அப்படியே நிற்கும்.

உள்ளமைவுக் கட்டளைகளை மட்டும் பார்க்க கிளஸ்டரே தேவையில்லை. ‘பிசிஎஸ் கிளஸ்டர் சிஐபி கோப்பு’ என்று உள்ளமைவின் நகல் எடுத்து, ‘பிசிஎஸ் -எஃப் கோப்பு’ என்று அதன்மேல் கட்டளைகளை ஓட்டி, ‘சிஆர்எம்_சிமுலேட்’ கொண்டு என்ன நடக்கும் என்று பார்க்கலாம்.

திருத்தத்தை எப்படி அனுப்புவது?

பேஸ்மேக்கர், பிசிஎஸ், ஏஜென்டுகளின் மூலநிரல்கள் கிட்ஹப்பில் கிளஸ்டர்லேப்ஸ் என்ற பெயரின் கீழும், கோரோசின்க்கினுடையது கோரோசின்க் என்ற பெயரின் கீழும் இருக்கின்றன. ஒரு தவறுக்கு ஒரு கமிட். பேஸ்மேக்கரில் ஆவணத் திருத்தத்தின் கமிட் தலைப்பு ‘டாக்:’ என்று தொடங்கும். விளக்கத்தில் மூன்று வேண்டும்: பதிப்பெண், நீங்கள் ஓட்டிய கட்டளை, அதன் வெளியீடு. ‘தவறாக இருக்கிறது, சரிசெய்தேன்’ என்று மட்டும் எழுதினால் பராமரிப்பாளர் அதே சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். எழுத்துப்பிழையையும் பொருள் மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலக்காதீர்கள். முன்னது உடனே உள்ளே போகும், பின்னது விவாதத்தில் நிற்கும்.

வெளியீட்டை ஒட்டும் முன் கழுவிவிடுங்கள். ‘பிசிஎஸ் ஸ்டோனித் கான்ஃபிக்’ ஃபென்ஸ் சாதனத்தின் கடவுச்சொல்லை அப்படியே காட்டும். எடுத்துக்காட்டு முகவரிகளுக்கு 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 ஆகிய மூன்று தொகுதிகள் ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. நிறுவனத்தின் உண்மையான முகவரியை எடுத்துக்காட்டில் வைத்தால் அதை அப்படியே ஒட்டிப் பார்க்க ஆள் உண்டு.

தமிழில் மொழிபெயர்க்கும் கையேட்டில் எதை மாற்றலாம்?

விளக்கத்தை மட்டும். கட்டளை, ஆப்ஷன், மதிப்பு, கோப்புப் பாதை நான்கையும் தொடாதீர்கள். கோண அடைப்புக்குள் வரும் இடப்பெயர்களைத் தமிழாக்கலாம். படிப்பவர் அந்த இடத்தில் தன்னுடையதைப் போட வேண்டும் என்பது இன்னும் தெளிவாகும். பிஓ4ஏ என்ற ஆவண மொழிபெயர்ப்புக் கருவி கொண்டு மொழிபெயர்த்தால், மூலவரி திருத்தப்பட்டதும் உங்கள் வரி ‘ஃபஸி’ என்று குறிக்கப்பட்டு ஆங்கில வரியே வெளியாகும். தவறான தமிழைவிட அது மேல். ஆனால் மொழிபெயர்ப்பு 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், இயல்பு அமைப்பில் அந்தப் பக்கமே உருவாகாது. ஆகவே மூலத்தில் பெரிய திருத்தம் சேர்ந்த வாரமே தமிழ்ப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டது. என் சர்வரில் இன்னும் பழைய பக்கமே தெரிகிறது?

அது அடுத்த வெளியீட்டில் சேர்ந்து, உங்கள் விநியோகத்தின் பேக்கேஜாக வரும்வரை அப்படித்தான். நீண்டகால ஆதரவுப் பதிப்பாக இருந்தால் வராமலே போகலாம். ஆவணத் திருத்தத்தைப் பழைய பதிப்புக்குப் பின்னோக்கி எடுப்பது அரிது. விநியோகத்தின் பிழைப்பதிவில் மேல்நிலைக் கமிட்டின் எண்ணைக் கொடுத்துத் தனியாகக் கேளுங்கள்.

புதிய பேக்கேஜ் வந்தும் பழையது தெரிந்தால் ‘மேன் -டபிள்யூ பிசிஎஸ்’ அடித்துப் பாருங்கள். எந்தக் கோப்பு திறக்கிறது என்று சொல்லும். பாதை ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ என்று தொடங்கினால், முன்பு யாரோ மூலத்திலிருந்து நிறுவிய பிரதி முந்திக்கொள்கிறது. அதை நீக்கிவிட்டு ‘மேன்டிபி’ ஓட்டுங்கள். கிளஸ்டரின் எல்லா நோடிலும் இதைச் சரிபாருங்கள். நோட்1-ல் புதிய பக்கமும் நோட்3-ல் பழைய பக்கமும் இருப்பதைப் பெரும்பாலும் நோட்3-ல் மட்டும் உள்நுழைய முடிகிற இரவில்தான் கண்டுபிடிப்பார்கள்.